2400 வராத வீடு

பட்டாளத்தில் நாயக்காக இருந்த குப்புராஜின் வீட்டுக்குள் பதினான்காம் தேதி முடியவில்லை. வெளியே தெருவில் பதினைந்து, பதினாறு என்று தேதிகள் தம்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

அந்த ஊரில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள். லீவில் வருகிறவன் முதல் வேலையாக, லீவு முடியும் தேதியையும் மணியையும் சாக்பீஸால் கதவில் எழுதிவிடுவான். காலை, மாலை என்ற கொசுறெல்லாம் கிடையாது. ராணுவ முறையில் நான்கு இலக்கம், நடுவில் ஒரு புள்ளிகூட வைக்கமாட்டார்கள். எழுதிய மணி வந்தால் பெட்டியைத் தூக்கவேண்டியதுதான். ராத்திரியோடு முடிகிற லீவுக்கு 2359 என்று எழுதுவது வழக்கம். குப்புராஜோ, நிறைமாத வயிற்றோடு வாசலில் நின்ற மனைவியைப் பார்த்த குஷியில், இன்னும் ஒரு நிமிடம் சேர்ந்து கிடைக்கட்டுமே என்று 2400 என்று எழுதிவிட்டான்.

லீவு முடிகிற பதினான்காம் தேதி இரவு கடிகாரம் 2359 காட்டியது, அடுத்து 0000 காட்டியது. 2400 வரவே இல்லை. வராத மணிக்கு யார் பெட்டி கட்டுவார்கள்? பதினான்காம் தேதி வீட்டுக்குள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

அவன் மனைவி மங்கையர்க்கரசிக்கு வாயெல்லாம் பல். கல்யாணமான நாளாய்ப் புருஷனை இப்படிச் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை. அவன் மட்டும் வாசலைத் தாண்டக்கூடாது. தெருவின் தேதிக்கு அவன் லீவு முடிந்தவன். அவள் போகலாம், வரலாம். பதினெட்டாம் தேதி சந்தையில் பிஞ்சுக் கத்தரிக்காய் வாங்கி வந்தாள். வீட்டுக்குள் வந்து பையைக் கவிழ்த்தால் எல்லாம் பூவாக விழுந்தது. அதோடு காய்கறி வாங்குவதை விட்டுவிட்டாள்.

வீட்டுக்குள் இருக்கும்வரை பிரசவ வலி வராது என்பதும் அவளுக்கு விளங்கிவிட்டது. இருந்துவிடலாம்தான். ஆனால் வயிற்றுக்குள் உதைப்பது யார் என்று பார்க்கிற ஆசை அவளைப் பிடித்து ஆட்டியது. குப்புராஜுக்கும் அதே ஆசை. நர்ஸ் சொல்லியிருந்த இருபத்திரண்டாம் தேதி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போய் ஒரு பெண் குழந்தையைப் பெற்று, இரண்டு நாள் கழித்து எடுத்துவந்தாள்.

படியைத் தாண்டியதும் கை காலியானது, வயிறு கனத்தது. வெளியே வந்தாள். குழந்தை கையில் இருந்தது, பசியில் கத்திக்கொண்டிருந்தது. பின்பக்கமாக நுழைந்து பார்த்தாள், அப்படியும் வயிறுதான் கனத்தது. கடைசியில் ஜன்னலுக்கு வெளியே கீற்றுப் பந்தல் போட்டு, கட்டிலை அங்கே இழுத்துக்கொண்டாள்.

குப்புராஜ் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றான். தூக்கத்தான் முடியவில்லை. கதவில் இருப்பதை அழித்துவிட்டு 2359 என்று எழுதிவிடவா என்று அரசி கேட்டாள்.

"எழுதுனா பத்து நாளா ஓடிப்போனவன்னு ஆயிடும், அரசி. ஜெயில்ல போட்டுருவாங்க."

"அப்போ இன்னாங்க பண்றது?"

அவன் யோசித்தான். பிறகு இரண்டு கைகளையும் முழங்கைவரை கம்பிகளுக்கு வெளியே நீட்டினான். அவள் குழந்தையை அந்தக் கைகளில் வைத்தாள். குழந்தை அவன் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்துக்கொண்டது. குப்புராஜுக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை, இரண்டும் குழந்தையோடு வெளியே இருந்தன. பொழுது விடியும்வரை அவன் கையை உள்ளே இழுக்கவில்லை.

காலையில் ராணுவப் போலீஸ்காரர் ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பந்தலுக்குள் வந்து, குழந்தைக்கு என்ன பேர் என்று விசாரித்தார். பிறகு ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்:

"கைங்க ரெண்டும் லீவு முடிஞ்சு பத்து நாளா வரலைங்க. மத்தபடி உங்க மேல புகார் ஒண்ணும் இல்ல."

நியாயம்தான் என்றான் குப்புராஜ். குழந்தையை அரசி வாங்கிக்கொண்டதும், முழங்கைக்குக் கீழே திருகி, இரண்டையும் கழற்றிக் கொடுத்தான். கைகள் போகிற முகாமில் குளிர் அதிகம் என்று அவள் இரண்டு கைகளுக்கும் தேங்காயெண்ணெய் தடவி, கம்பளி உறை மாட்டப்போனாள். சுண்டுவிரலைக் குழந்தை விடவில்லை. கெஞ்சிப் பார்த்தாள், கிலுகிலுப்பை ஆட்டிப் பார்த்தாள், அது இன்னும் இறுக்கிக்கொண்டது.

"பரவால்லம்மா. அந்த விரல் மட்டும் அப்புறமா வரட்டும்" என்றார் போலீஸ்காரர். மற்ற ஒன்பது விரல்களும் பின்சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, வண்டியை மெதுவாகவே ஓட்டிப்போனார்.

மத்தியானம் குழந்தை தூங்கிப்போனது, பிடி தளர்ந்தது. விரல் போகவில்லை. குழந்தையின் உள்ளங்கையிலேயே சுருண்டு படுத்துக்கொண்டது. அரசி போர்வையை இழுத்து அதற்கும் சேர்த்துப் போர்த்திவிட்டாள்.