ஏரியில் தரைதட்டிய நாடு

1996 நவம்பர் மழையில் பாலாற்று வெள்ளத்தை எதிர்த்து வந்த ஒரு தீவு நாடு, பேரணாம்பட்டு பக்கத்து ஏரியில் தரைதட்டி நின்றது. கொடி, தேசிய கீதம், அறுபத்திரண்டு குடிமக்கள், பதினெட்டு தென்னைமரங்கள். தோல் பதனிடும் டேனரிகளின் கழிவால் தண்ணீர் உப்புக் கரித்ததில் கடல் என்று நினைத்துவிட்டதாக அதன் பிரதமர் மோவா அம்மாள் வருத்தம் தெரிவித்தார். நாட்டின் பெயரைச் சரியாகச் சொன்னவர் அந்த வட்டாரத்திலேயே புவியியல் டீச்சர் ரெனிட்டா ஒருவர்தான் என்பதால், டெல்லி அவரையே தற்காலிகத் தூதராக நியமித்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பாஸ்போர்ட்டோடு சத்தாரின் பரிசலில் ஏறி வெளிநாடு போய், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்.

மோவா அம்மாள் கேட்டது குடிதண்ணீர், வாரம் இரண்டு டேங்கர். ரெனிட்டா அதை ஒன்பது கடிதங்களில் எழுதினார். ஆனால் வேறொரு பெரிய நாடு தீவுக்கு ஸ்டேடியம் கட்டித்தரப் போவதாக வதந்தி வந்ததால், டெல்லி முந்திக்கொண்டு முப்பதாயிரம் இருக்கைகளோடு ஒரு ஸ்டேடியத்தைத் தீவின்மேல் கட்டியது. தீவு ஒரு முழம் இறங்கியது. அடுத்து, தீவைவிட நீளமான ரோந்துக் கப்பல் ஒன்று ஜோலார்பேட்டை வரை ரயிலிலும் அங்கிருந்து லாரியிலும் வந்து தீவின்மேல் ஏறியது. இன்னொரு முழம். 2001-இல் மோவா அம்மாளின் அடுப்பங்கரைக்குள் கெண்டை மீன் நீந்தியது. அதற்குள் அவருக்குத் தமிழ் வந்திருந்தது.

"இன்னா டீச்சர், உங்க ஊரு பிரியம் ரொம்ப ஜாஸ்தி. தாங்க முடியல."

மறுவாரம் நாற்பது டன் ராடார் கோபுரத்தோடு கரைக்கு வந்த டெல்லி அதிகாரியிடம், ரெனிட்டா கையெழுத்துப் போட மாட்டேன் என்றார்.

"சார், இது ஏறிச்சின்னா நாடே முழுகிடும்."

"முழுகினாலும் நம்ம பக்கம்தானே மேடம் முழுகும்?"

ரெனிட்டா பரிசலில் ஏறித் தீவுக்குப் போனார். அன்று மாலையே மோவா அம்மாள் தம் நாட்டின் ஸ்டேடியத்தையும் கப்பலையும் இந்திய மக்களுக்கு அன்பளிப்பாக அறிவித்தார். நட்பு நாடு தரும் பரிசை மறுக்க விதியில் இடமில்லை. கப்பல் வந்த வழியே லாரியில் திரும்பியது. சத்தார் இரண்டு வருஷம் ஸ்டேடிய நாற்காலிகளைப் பரிசலில் ஏற்றிக் கரைசேர்த்தார். பேரணாம்பட்டுக் கல்யாண மண்டபங்களுக்கு அதன்பின் நாற்காலிப் பஞ்சமே இல்லை. நாற்காலிகள் வரிசை வரிசையாக இறங்க இறங்க, தீவு விரல் விரலாக மேலே வந்தது. டெல்லி இதைத் தன் கொள்கைக்குக் கிடைத்த வெற்றி என்று கொண்டாடி, அந்தச் சந்தோஷத்தில் டேங்கருக்கும் உத்தரவு போட்டது.

கடைசி நாற்காலியும் போன மறுநாள், தீவு கடலுக்குக் கிளம்பியிருக்கும் என்று கலங்கியபடி ரெனிட்டா விடியற்காலையிலேயே ஏரிக்கு ஓடினார். தீவு நகர்ந்துதான் இருந்தது: டேங்கர் வந்து நிற்கும் ரோட்டோரக் கரையை ஒட்டி. மோவா அம்மாள் குடத்தோடு வரிசையில் முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தார்.

2004 முதல் அந்த வழியாகப் போகும் பஸ்களில் கண்டக்டர் விசிலடித்து, "வெளிநாடு எறங்கறவங்க முன்னாடி வாங்க" என்கிறார். தினமும் நாலைந்து பேர் இறங்குகிறார்கள்.