கரகரப்பு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற பஸ்ஸில் வெனிலாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கிடைத்தும் என்ன, இருப்பு கொள்ளவில்லை. மடியிலிருந்த பையைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள், மறுபடி திறப்பாள். உள்ளே அவளுடைய மைக்கும் ஹெட்போனும் இருந்தன. கூடவே, வியாழக்கிழமையிலிருந்து அவள் உயிரை எடுத்துக்கொண்டிருந்த கேபிளும் பாம்புக்குட்டி மாதிரி சுருண்டு கிடந்தது.

வெனிலா பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். வீட்டு மாடியில் ஒரு சின்ன அறையை ஸ்டூடியோ ஆக்கியிருந்தாள். சுவரெல்லாம் கம்பளி தொங்கும். மாதா கோயில் பாடற்குழு, கடைத் திறப்பு விளம்பரம், தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள் என்று யாராவது வந்துகொண்டிருப்பார்கள். லீவு நாட்களில் இசைக்குழுவில் கீபோர்டு வாசிப்பாள். அந்தக் குழுவில்தான் வளவனூர் கலைப்பிரியா பழக்கமானாள். மேடையில் ஊரார் கேட்கிற பாட்டையெல்லாம் பாடுகிறவள், யாரும் கேட்காத சொந்தப் பாட்டும் சில வைத்திருந்தாள். வண்டியில் வரும்போது வெனிலாவுக்கு மட்டும் பாடிக் காட்டுவாள்.

கலைப்பிரியாவின் கழுத்தில் தைராய்டு கட்டி. புதன்கிழமை புதுச்சேரியில் ஆபரேஷன். குரலுக்குப் போகிற நரம்பு கட்டியை ஒட்டியே ஓடுகிறது, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் முழு உறுதி தர முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட நிமிஷமே வெனிலா முடிவு கட்டிவிட்டாள்: அதற்கு முன்னால் அந்தப் பாட்டுகளைப் பதிவு செய்துவிட வேண்டும். சனிக்கிழமை என்று நாளும் குறித்தாள்.

வியாழக்கிழமை எல்லாவற்றையும் மாட்டிச் சரிபார்த்தபோதுதான் ஹெட்போனில் கரகரவென்று சத்தம். கேபிளை அசைத்தால் நிற்கும், விட்டால் மறுபடி வரும். மைக்கோடு இலவசமாக வந்த கேபிள். ஆன்லைனில் போட்டால் புதன்கிழமைதான் வரும் என்றது. திண்டிவனத்தில் விசாரித்த இடங்களில் டிவிக்குப் போடுகிற ஒயரை எடுத்து நீட்டினார்கள். ஆகவே சனிக்கிழமை காலையிலேயே விழுப்புரம்; கலைப்பிரியாவையும் அங்கிருந்தே கூட்டி வந்துவிடலாம்.

பஸ் ஸ்டாண்டு வாசலில் கலைப்பிரியா நின்றிருந்தாள். கழுத்தை மறைத்து துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள்.

"டிபன் சாப்டியாடி?" என்றாள்.

"அதெல்லாம் அப்புறம். ஜல்தி வா, கடைய மூடிடப் போறான்."

"காலைல பத்து மணிக்கு எவன்டி கடைய மூடுவான்?"

ரயிலடிப் பக்கம் இருந்தது சீனுவாசனின் கடை. மைக் செட் வாடகைக்கும் விடுவார், சாமானும் விற்பார். கேபிள் என்றதும் முதலில் பளபளக்கிற ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.

"தங்க முலாம் பின்னும்மா. சவுண்டு அப்பிடியே தேன் மாதிரி வரும்."

விலையைக் கேட்டதும் வெனிலா பெட்டியைத் திருப்பி நகர்த்தினாள். "தேனு ஒயர்ல வராதுண்ணா, பாடுறவங்ககிட்ட இருந்துதான் வரணும். இரைச்சல் இல்லாம இருந்தா போதும்."

அடுத்து வந்தது மெலிசான சிவப்புக் கேபிள். விலை சல்லிசு. ஆனால் இரண்டு முனையிலும் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டியிருந்தது. உள்ளே ஈயப் பற்று விட்டுப்போனால் திறந்து பார்க்கக்கூட வழியில்லை, தூக்கித்தான் போட வேண்டும். அவளுடைய பழைய கேபிளும் அதே ஜாதிதான்.

மூன்றாவதாக, தூசி படிந்த ஒரு சுருளை மேல்தட்டிலிருந்து இறக்கினார். பெயர் பெரிதாக ஒன்றும் இல்லை. தடித்த கறுப்பு ரப்பர், இரும்பு முனை. வெனிலா முனையைத் திருகிக் கழற்றினாள். உள்ளே ஒயரைச் சுற்றிச் செம்புக் கம்பி வலை போல நெருக்கமாகப் பின்னியிருந்தது. மூன்று பின்னிலும் ஈயம் உருண்டு அழகாகப் பிடித்திருந்தது. இழுத்தாலும் ஒயர் பிய்யாதபடி ஒரு பிடி வேறு.

"இத ஆம்ப்ல மாட்டிப் பாக்கலாமாண்ணா?"

மாட்டினார். கலைப்பிரியா கடை மைக்கைப் பிடித்துக்கொண்டு "ஹலோ, ஹலோ" என்றாள். வெனிலா கேபிளை வளைத்தாள், இழுத்தாள், முனையை ஆட்டினாள். கரகரப்பு அறவே இல்லை.

அதோடு வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். வெனிலாவுக்கு மனசு அடங்கவில்லை. "இன்னொரு தடவ சொல்லு" என்றாள். "இத்தவிட கொஞ்சம் சின்ன நீளத்துல இருக்குதாண்ணா?" என்றாள். இருந்தது. அதையும் மாட்டச் சொன்னாள். ஒன்று கெட்டால் ஒன்று வேண்டும் என்று இரண்டாவதையும் திறந்து பார்த்தாள். அதில் ஒரு பின்னில் ஈயம் மங்கலாக இருப்பது போலத் தோன்றியது. வேறு கேட்டாள். "ஹலோ" சொல்லிச் சொல்லிக் கலைப்பிரியாவுக்கு இருமல் வந்துவிட்டது.

"ஹலோ வேணாண்டி, ரெண்டு வரி பாடு. மேல் ஸ்தாயில பாடு. அங்கதான் தெரியும்."

கலைப்பிரியா மைக்கைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள். ஸ்பீக்கரில் அது டமாரென்று கேட்டது.

"நீ என்னா, இப்பவே எனுக்குக் காரியம் பண்ணிக்கினு இருக்கியா?"

"கலை..."

"பாட்ட எடுத்து வச்சிக்கணும்னு நான் கேட்டனா? நீயா வந்த, நீயா நாள் குறிச்ச. எங்கூட்ல கோபி, எங்கம்மா, அல்லாரும் ஆபரேஷன் முடிஞ்சி நல்லாயிடும் நல்லாயிடும்னு சொல்லிக்கினு இருக்காங்க. நீ ஒருத்திதான் என் குரல் போயிட்ட மாதிரியே மூஞ்ச வச்சிக்கினு சுத்தற. ஒரே பேஜாரா போச்சு உன்னோட."

கோபி அவள் கணவன். அவனிடம்கூட அவள் இப்படிச் சீறியதில்லை. சீனுவாசன் பில் புத்தகத்தைத் தேடுகிற பாவனையில் உள்ளே போய்விட்டார். வெனிலா கறுப்புக் கேபிள் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். கலைப்பிரியா வளவனூர் பஸ்ஸுக்குப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தாள். அவளோ திண்டிவனம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.

விக்கிரவாண்டி வந்தது. டோல்கேட்டில் வேகவைத்த மல்லாட்டை விற்கிறவர் ஏறினார். கலைப்பிரியா ஒரு பொட்டலம் வாங்கித் தனியாகவே கடலையை உரித்துத் தின்றாள். கொஞ்ச தூரம் போனதும் ஜன்னலைப் பார்த்தபடியே பொட்டலத்தை இந்தப் பக்கம் நீட்டினாள். வெனிலா எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் சோறு தின்ற கையோடு மாடிக்குப் போனார்கள். புதுக் கேபிளை மாட்டி ஹெட்போனை வைத்ததும் வெனிலாவுக்கு முகம் விழுந்துவிட்டது. கரகரப்பு இல்லை. ஆனால் அடியில் 'உம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். இத்தனை நாளும் கரகரப்பின் அடியில் அது ஒளிந்திருந்திருக்கிறது.

ஃபேனை நிறுத்தினாள். லைட்டை அணைத்தாள். கேபிளைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். மேஜைக்கடியில் தவழ்ந்து ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினாள். தலை மேஜையில் இடித்தது. கடைசியில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியபோது காதுக்குள் பட்டென்று அமைதி.

"சார்ஜர்டி!" என்று கத்தினாள்.

கலைப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்ப அந்தக் கடைக்காரர அந்தப் பாடு படுத்துனது?"

"கேபிளும் கெட்டதுதான். இது வேற."

வேறொரு தொல்லையும் இருந்தது. லேப்டாப் பழசு. சார்ஜர் இல்லாமல் ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம். வெனிலா அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "வேணான்னா விட்டுடலாம். நீ சொன்னது சரிதான். நான்தான் உன்ன இழுத்துக்கினு வந்தேன்."

"வந்தது வந்துட்டேன். ஆன் பண்ணு."

முதல் பாட்டை ஒரே மூச்சில் பாடினாள். இரண்டாவதில் ஒரு இடத்தில் தடுக்கியது, தானே கேட்டு மறுபடி பாடினாள். மூன்றாவதற்கு ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "காத மூடிக்கினு பாடுனா மூச்சு முட்டுது" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

*கடைசி பஸ்ஸு போயிடுச்சி, கால்நடையா வர்றேன் நான்,*
*கதவைச் சாத்திப் பூட்டாதே, காத்தாட வை போதும்...*

ஊர் ஊராய் மேடை முடிந்து வீடு திரும்புகிற ஒருத்தியின் பாட்டு. முதல் சரணம் முடியும்போது லேப்டாப் திரை இருண்டது. வெனிலாவின் கை சார்ஜரை நோக்கிப் போனது. போன கை பாதியில் நின்றது. கலைப்பிரியா பாடிக்கொண்டிருந்தாள். மேல் ஸ்தாயியில் குரல் மெல்லியதாகி, அறுந்துவிடுமோ என்று நினைக்கும்போது அகலமாகத் திறந்தது. வெனிலா கையை மடியில் வைத்துக்கொண்டாள். வியாழக்கிழமைக்கு அப்புறம் அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தது அந்தச் சில நிமிஷம்தான்.

பாடி முடித்துக் கண்ணைத் திறந்தாள் கலைப்பிரியா. "வந்துச்சா?"

"இல்லடி. பாதியிலயே உசுரு போயிடுச்சி."

"அட பாவி! சொல்றதுக்கு என்னா?"

"சொல்ல வாய் வரல."

கலைப்பிரியா அவள் பக்கம் திரும்பினாள். "நல்லா பாடுனனா?"

வெனிலா தலையை ஆட்டினாள். மறுபடி எடுக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. பொழுது சாய்வதற்குள் கலைப்பிரியாவைப் பஸ் ஏற்றிவிட்டாள்.

புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் வெனிலா நடத்தியது என்ன பாட்டு என்று பிள்ளைகளுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. கோபி மத்தியானம் போன் செய்தான். "முடிஞ்சிச்சிக்கா. நல்லா இருக்கா. பேசறா, ஆனா காத்துதான் வருது." வெனிலா மாதாவையும் கூப்பிட்டாள், கலைப்பிரியா கும்பிடுகிற அங்காளம்மனையும் கூப்பிட்டாள்.

அந்தக் காற்று மூன்று மாதம் இருந்தது. அப்புறம் மெல்ல மெல்லக் குரலானது. பயிற்சி எடுத்தாள். கீழ் ஸ்தாயி முன்னைவிடக் கனமாய் வந்தது. மேலே மட்டும் ஒரு இடத்துக்கு மேல் ஏறவில்லை. இனிமேல் ஏறுமா என்று கேட்டதற்கு டாக்டர் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். பதிவு செய்த இரண்டு பாட்டையும் வெனிலா அனுப்பிவைத்தாள். கலைப்பிரியாவிடமிருந்து வெகுநாள் பதில் இல்லை. பிறகு ஒரு நாள், "கேட்டேன். அவ நல்லாதான் பாடறா" என்று மட்டும் வந்தது.

ஒரு அமாவாசை அன்று மேல்மலையனூரில் இசைக்குழுவுக்கு மேடை கிடைத்தது. கலைப்பிரியாவும் வருகிறாள் என்றார்கள். சாயங்கால வெயிலில் கூட்டம் நெருக்கியடித்தது. வெனிலா கீபோர்டு முன்னால் நின்றாள். கலைப்பிரியா மைக்கின் முன் வந்து நின்று, கழுத்துத் தழும்பின்மேல் இருந்த துப்பட்டாவைத் தளர்த்திவிட்டுக்கொண்டாள். அம்மன் பாட்டு. வெனிலா வழக்கமான சுருதியைக் கொடுத்தாள்.

கலைப்பிரியா திரும்பாமலே இடுப்புக்குப் பக்கத்தில் விரலைக் கீழே காட்டினாள். வெனிலா சுருதியை ஒரு கட்டை இறக்கினாள். விரல் மறுபடி கீழே காட்டியது. இன்னொன்று இறக்கினாள். தாளக்காரர் என்ன ஏது என்று எட்டிப் பார்த்தார்.

"இதுதான்" என்றாள் கலைப்பிரியா. அது மைக்கில் ஊருக்கே கேட்டது. பிறகு பாட ஆரம்பித்தாள்.