சாவி அறையில் ஓர் ஒத்திகை

டிராம் ஹாமேன்காத்து தெருவில் நுழையும்போதுதான் ஹென்ரீக்கா அந்தச் செய்தியைப் படித்தாள். கையிலிருந்த காபி சாய்ந்து கையுறையை நனைத்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

குழுவின் அரட்டைப் பக்கத்தில் ரெய்யோ எழுதியிருந்தான்: 'சாவிக் கம்ப்யூட்டருக்குக் காலையில புது சிஸ்டம் போட்டேன். பளபளன்னு இருக்கு. ஒத்திகை பாக்க உள்ள போறேன். கட்டளை இதுதான்.' கீழே ஒரே ஒரு வரி.

அந்த ஒரு வரி போதும், 'குயிக்கா' குழுவின் கதை முடிந்துவிடும்.

குயிக்கா என்பது பின்லாந்தின் தாம்பெரே நகரத்துக்காரர்கள் சிலர் சம்பளமில்லாமல் உருவாக்கும் லினக்ஸ் இயங்குதளத் தொகுப்பு. நூலகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ஓடுகிறது. ஒவ்வொரு மென்பொருள் பொட்டலமும் குழுவின் ரகசிய டிஜிட்டல் சாவியால் கையெழுத்தான பிறகே வெளியே போகும். கையெழுத்து இல்லாத பொட்டலத்தை எந்தக் கணினியும் தொடாது. அந்தச் சாவியை அடுத்த வாரம் மாற்றுவதாக ஏற்பாடு. மாற்றுவதற்கு ரெய்யோ எழுதிய சிறு நிரல், ஸ்கிரிப்ட், ஒன்று உண்டு. அது புதுச் சாவியை உண்டாக்கும், பழைய சாவியால் அதற்குச் சான்று போடும், பிறகு பழையதை மீட்க முடியாதபடி அழித்துவிடும். நகல் வைத்தால் திருட்டு போகும் என்பது குழுவின் கொள்கை. ஆகவே நகலும் கிடையாது; சாவி இருப்பது ஒரே ஒரு யுஎஸ்பி ஸ்டிக்கில்.

ரெய்யோவின் வரியில் இரண்டு ஆப்ஷன்கள். முதலில் '--இடம்', அதாவது புதுச் சாவியை எங்கே வைப்பது என்பது. அடுத்து '--ஒத்திகை', அதாவது எதையும் மாற்றாமல் செய்துமட்டும் பார் என்பது. இடத்தின் பெயரைப் பழைய சிஸ்டத்தின் அமைப்புக் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்வது அவன் வழக்கம். புது சிஸ்டத்தில் அந்தக் கோப்பு ஏது? பெயர் காலி. ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது. '--இடம்' என்பதற்குப் பக்கத்தில் எது நிற்கிறதோ அதுதான் இடம் என்று எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் நிற்பது '--ஒத்திகை'!

ஒத்திகை இல்லை. எல்லாமே நிஜம்.

பிப்ரவரியிலேயே ஹென்ரீக்கா இதற்குத் திருத்தம் எழுதி அனுப்பியிருந்தாள். ஆப்ஷனுக்கு மதிப்பு இல்லையென்றால், அல்லது மதிப்பின் இடத்தில் இன்னொரு ஆப்ஷன் வந்து நின்றால், ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிட வேண்டும். இன்னொருவர் படித்து ஒப்புக்கொள்ளாமல் குழுவில் எந்தத் திருத்தமும் சேராது. அந்த இன்னொருவன் ரெய்யோ. 'பத்து வருஷமா ஒழுங்கா ஓடுது. எதுக்கு நோண்டறே?' என்று பதில் போட்டதோடு சரி.

அவனுக்குப் போன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாவிக் கம்ப்யூட்டர் இருக்கும் சாவி அறைக்குள் போன் போகக் கூடாது என்பது விதி. வெளியே பிஸ்கட் டின்னில் போட்டுவிட வேண்டும். தூர்க்கு நகரில் இருக்கும் குழுத் தலைவி சைமியை அழைத்தாள்.

"சைமி, அவன் நிஜமாவே சாவிய மாத்திட்டிருக்கான்!"

"மாத்தட்டுமே. ஒரு வாரம் முன்னாடி, அவ்வளவுதானே?"

"புதுச் சாவி எங்க விழும்னு நினைக்கறே? அந்த மெஷினுக்கு டிஸ்க்கே கிடையாது, சிஸ்டமே டிவிடியிலேர்ந்துதான் ஓடுது, மத்ததெல்லாம் நினைவகத்துல. ஒத்திகை முடிஞ்சதுன்னு அவன் அணைப்பான். புதுசும் போச்சு. பழசு ஏற்கெனவே போச்சு."

"இன்னும் டிராம்லயா உக்காந்திருக்கே? இறங்கி ஓடுடி!"

ஓடினாள். பனியின் மேல் தூவிய சரளைக்கல் காலணிக்கடியில் நொறுங்கியது. பழைய ஆலைக் கட்டடத்தின் நிலவறைக்கு இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள். கோடியில் இரும்புக் கதவு. முஷ்டியால் இடித்தாள்.

"யாரு?" உள்ளிருந்து ரெய்யோவின் குரல் அமுங்கி வந்தது.

"ஹென்ரீக்கா! திற!"

"முடிச்சுட்டேன். இரு, அணைச்சுட்டு வரேன்!"

கதவைத் திறக்குமுன் கணினியை அணைக்க வேண்டும் என்பதும் விதிதான். அவள் தட்டியதே வினையாகிவிட்டது.

"அணைக்காதே! ஒத்திகை நடக்கலடா!"

"என்னது? சரியா கேக்கல. ஒரு நிமிஷம், அணைச்சுட்டு..."

தீ என்று கத்தலாமா? கத்தினால் முதல் வேலையாக அணைப்பான். எதைச் சொன்னால் இவன் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வருவான்?

கதவிடுக்கில் வாயை வைத்து, தொண்டை கிழியக் கத்தினாள். "ரெய்யோ! நீ சொன்னதுதான் சரி! என் திருத்தம் தப்பு!"

உள்ளே சத்தம் நின்றது. நாற்காலி தேய்ந்தது. காலடி கதவை நெருங்கியது.

"என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு."

"முதல்ல அங்க என்னென்ன ஃபோல்டர் இருக்குன்னு பாரு. சொல்றேன்."

"இதுல ஏதோ சூது இருக்கு" என்று முணுமுணுத்தபடி அவன் திரும்பிப் போனான். விசைகள் தட்டும் ஓசை. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. அவள் காதைக் கதவோடு ஒட்டிக்கொண்டாள்.

தாழ்ப்பாள் விலகியது. ரெய்யோவின் முகம் வெளுத்திருந்தது. அவனுக்குப் பின்னால் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. எரியும் திரையோடு அந்தக் கதவு திறந்ததே இல்லை.

"'--ஒத்திகை'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு" என்றான். "உள்ள சாவி."

"பழசு?"

"ஸ்டிக்ல இல்ல. அழிச்சிடுச்சு."

"மூச்சு விடாம தள்ளி நில்லு. வயர்ல கால் பட்டா கொன்னுடுவேன்."

புதுச் சாவியை ஸ்டிக்கில் நகலெடுக்கப் போனாள். நகலெடுக்கும் கட்டளையும் அந்தப் பெயரை ஆப்ஷன் என்றே நினைத்து முரண்டு பிடித்தது. அது பெயர்தான் என்று காட்ட முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் வைத்துத் தந்ததும் வழிக்கு வந்தது. சான்றைச் சரிபார்த்தாள். பழைய சாவி அழியுமுன் போட்ட கையெழுத்து செல்லுபடியானது. ரெய்யோ சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான்.

வெளியே டின்னில் ரெய்யோவின் போன் அலறியது. சைமி. "உயிரோட இருக்கா சாவி?"

"இருக்கு. சாவி மாறிடுச்சுன்னு இன்னைக்கே அறிவிச்சுடு" என்றாள் ஹென்ரீக்கா.

மாடிக்கு வந்ததும் ரெய்யோ தன் மடிக்கணினியைத் திறந்தான். "உன் திருத்தத்தைக் காட்டு."

"பதற்றத்துல படிக்காதே. நாளைக்குப் பாக்கலாம்."

"இப்பவே." வரி வரியாகப் படித்தான். அவள் நிற்பதும் நடப்பதுமாக இருந்தாள். படித்து முடித்தவன் '--இடம்' என்று தட்டி, மேற்கோள் குறிகளுக்குள் ஒன்றுமே எழுதாமல் கொடுத்து எண்டரை அழுத்தினான்.

மதிப்பு காலி; ஆனாலும் அவள் திருத்திய ஸ்கிரிப்ட் நிற்கவில்லை. தயங்காமல் மேலே ஓடியது.

"இது என்ன?" என்றான்.

ஹென்ரீக்காவின் காது சிவந்தது. அவனை இடித்துத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "நகருடா. கீபோர்டைக் குடு."