மைக் கட்டக்கூடாத நாட்கள்

மாத்யமிக் தேர்வு அட்டவணை பள்ளி வாசலில் ஒட்டப்படும்போதெல்லாம் ஹாராதன் ஷீலுக்கு வயிறு எரியும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சை எழுதி முடிக்கும்வரை ஊரில் யாரும் மைக் கட்டக்கூடாது. அவரோ மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். “பாழாப்போன போர்டுக்குக் கல்யாண சீசன்தானா கிடைச்சுது?” என்று டீக்கடையில் நின்று வருடா வருடம் திட்டுவார்.

இந்த வருடம் திட்டவில்லை. ஒரே மகள் ஜும்கி பரீட்சை எழுதுகிறாள். பள்ளியில் வைத்த ஒத்திகைத் தேர்வில் கணக்கில் மண்ணைக் கவ்வியிருந்தாள். அட்டவணையைப் பார்த்ததிலிருந்து மனிதர் சாமி வந்தவர்போல் ஆகிவிட்டார். கடையிலிருந்த ஸ்பீக்கர்களையெல்லாம் சாக்குப் போட்டு மூடினார். மீன்காரரைத் தெருமுனையிலேயே மடக்கி, கூவாமல் போகச் சொன்னார். அந்தி பூஜைக்கு ஊத மனைவி ஷெஃபாலி சங்கை எடுத்தால் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

“ஊரையே செவிடாக்கின மனுசன், என்னை இருமக்கூட விடமாட்டேங்கிறாரே!” என்றாள் ஷெஃபாலி.

“மெதுவாப் பேசுடி. பிள்ளை படிக்குது.”

பிள்ளை படிக்கவில்லை. கணக்குப் பரீட்சைக்கு முந்தைய நாள் காலையில் அவர் பூனைபோல் எட்டிப் பார்த்தபோது, ஜும்கி புத்தகத்தில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பினார். அவள் பொலபொலவென்று அழுதாள்.

“இந்த அமைதியில ஒண்ணுமே மண்டையில ஏறமாட்டேங்குதுப்பா. காதுக்குள்ள ஙொய்ங்குது, உடனே கண்ணு சொக்குது. நீங்க ஸ்பீக்கரை அலற விட்டுப் பாப்பீங்களே, அப்பல்லாம் நல்லாப் படிப்பேன். நாளைக்கு நான் ஃபெயில்தான்.”

ஹாராதன் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து ஸ்பீக்கர் நிழலில் வளர்ந்த பிள்ளை. அது அவருக்குத் தோன்றவே இல்லையே! ஆனால் சாக்கை எடுத்தால் இத்தனை நாள் அவரே சத்தம் போடவிடாமல் அடக்கி வைத்த தெரு சும்மா விடுமா? சட்டம்தான் விடுமா? கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு மகளுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முஷ்டியை வாயருகே வைத்துக்கொண்டார்.

“ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ... பச்சை ஃபிராக் போட்ட நாலு வயசுப் பாப்பா மேடைக்குப் பக்கத்துல அழுதுகிட்டு இருக்கு. அம்மா எங்க இருந்தாலும் உடனே வரவும்...”

ஜும்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள்.

“இன்னும் கொஞ்சம் சத்தமாப்பா.”

சத்தம் ஏறியது. காணாமல் போன செருப்பு, தாமதமாக வரும் பாடகர், கிச்சடி விநியோகம் என்று அறிவிப்புகள் தெருவில் போய் விழுந்தன. பதினோரு மணிக்குக் கான்ஸ்டபிள் பைராகி சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

“ஏன்யா ஹாராதன், பரீட்சை நேரத்துல மைக்கா? எங்க அது? எடு, ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகணும்.”

ஹாராதன் எழுந்து நின்றார். அறையைச் சுற்றிக் கையைக் காட்டினார். பிறகு வாயை ஆவென்று திறந்து காட்டினார். கான்ஸ்டபிள் குனிந்து உள்ளே பார்த்தார்.

“அப்பா, நிறுத்தாதீங்க!” நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கத்தினாள் ஜும்கி. “பாதிக் கணக்குல நிக்கிறேன்!”