குடும்பப் பெயர் போட்ட சுர்மா

அன்று அமெரிக்காவில், நியூஜெர்சியின் பார்சிப்பனி வீட்டில் இருந்தவர்கள்: ஹாஜா நஜ்முதீன், மனைவி நசீமா, மகன் ஷாஹுல், மருமகள் தஹ்ஸீன், ஒரு வயதுப் பேத்தி இன்ஷா. வெளியாள் ஒருவரும் இல்லை.

இன்ஷாவின் ரத்தத்தில் ஈயம் இருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். பழைய வீடு, சுவர் பெயின்ட், தண்ணீர்க் குழாய் என்று ஹாஜா நஜ்முதீன் ஒவ்வொன்றின் மேலும் பழியைப் போட்டுப் பார்த்தார். தஹ்ஸீன் மேசைமேல் ஒரு சுர்மா டப்பியை வைத்தாள். நாற்பதாம் நாளிலிருந்து பேத்தியின் கண்ணுக்கு ஹாஜா நஜ்முதீனே தம் கையால் இட்டுவந்த மை. அவர் தயாரித்து ஊர் ஊராகக் கடைகளுக்கு அனுப்புவது. டப்பியில் குடும்பப் பெயர்.

“லேப்ல குடுத்து டெஸ்ட் பண்ணிட்டேன் மாமா. பாதிக்கு மேல ஈயம்.”

“என்னைக் கேக்காமயா?”

“கேட்டா குடுத்திருப்பீங்களா?”

மருமகளை அதட்ட வாயெடுத்த நசீமா, குழந்தையைப் பார்த்து அடங்கினாள்.

ஹாஜா நஜ்முதீனுக்குக் காது சுட்டது. அவருடைய அத்தா செய்த மாதிரியேதான் செய்தார். சுர்மாக் கல்லைப் பன்னீர் விட்டு அரைத்தார். தொழுகைக்குப் போல் கை கால் முகம் கழுவி ஒளூ செய்யாமல் ஒருநாளும் உரலைத் தொட்டதில்லை. அந்தச் சுத்தம் போதுமென்று நம்பி, கல்லை எங்கும் சோதிக்கக் கொடுக்கவில்லை.

“சத்தமில்லாம ஸ்டாக்கைத் திருப்பி எடுத்துடலாம் அத்தா,” என்றான் ஷாஹுல். “பேக்கிங் மாத்துறோம்னு சொல்லிக்கலாம். நம்ம பேரு நியூஸ்ல வரணுமா?”

“ஏற்கெனவே வாங்கிட்டுப் போனவங்க?” என்றாள் தஹ்ஸீன்.

மகன் சொன்ன யோசனை ஹாஜா நஜ்முதீன் மனதிலும் ஓடிக்கொண்டிருந்ததுதான்.

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் கடைக்காரன் ஜுஹைரிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“அங்கிள், நம்ம சுர்மா கடைசி டப்பிதான் இருக்கு. பெருநாளுக்கு அனுப்பிடுங்க. இங்க ஒரு அக்கா கைக்குழந்தையோட நிக்கிறாங்க. வேற எதைக் காட்டினாலும் மூஞ்சிய சுளிக்கிறாங்க. உங்க பேரு இருந்தாதான் வாங்குவாங்களாம்!” ஜுஹைர் சிரித்தான்.

வேண்டாம், ஒன்றும் சொல்லாதீர்கள் என்று ஷாஹுல் கையை ஆட்டினான். போனுக்குள் அந்தக் குழந்தை சிணுங்கியது. இன்ஷா சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். துடைத்தும் போகாத கருப்பு அவள் கண்ணோரத்தில் இருந்தது.

“அந்த டப்பிய அவங்ககிட்டேர்ந்து வாங்கிடு, ஜுஹைர். அதுல ஈயம் இருக்கு. என் பேத்தி ரத்தத்துலயே ஏறியிருக்கு. கடை வாசல்ல எழுதி ஒட்டு. என் பேரைப் போட்டே எழுது.”

“என் பொண்ணுக்கும் இதைத்தானே அங்கிள் போடுறோம்,” என்றான் ஜுஹைர்.

அவளையும் உடனே டாக்டரிடம் காட்டச் சொன்னார் ஹாஜா நஜ்முதீன். போனை வைத்தவர், மாநிலச் சுகாதாரத் துறையின் எண்ணைக் கேட்டார். ஷாஹுல் எழுந்து வெளியே போய்விட்டான். தஹ்ஸீன் தேடிக் கொடுத்தாள்.

தொழில் அத்தோடு முடிந்தது. எத்தனையோ வீடுகளிலிருந்து தாய்மார்கள் அழைத்து ஏசினார்கள். எல்லாவற்றையும் அவரே எடுத்துக் கேட்டார். இன்ஷாவுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. இன்னும் பேச்சு வரவில்லை. ஈயத்தாலா என்று டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மாமனார் குடும்பத்தை மருமகள்தான் அரசாங்கத்திடம் காட்டிக்கொடுத்தாள் என்று பள்ளிவாசலில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். போன் செய்தவர் ஹாஜா நஜ்முதீன்.