சோலார்லயும்

சூரியனுக்கு டீசல் வாசனை கிடையாது. இதைத் தெரிந்துகொள்ள அன்பரசி பெரிய படிப்பெல்லாம் படிக்க வேண்டியதில்லை. புருஷன் சட்டையைத் துவைத்தாலே போதும். பூபாலன் கொக்கிலமேட்டிலிருந்து திரும்பும்போதெல்லாம் சட்டையில் அந்த நெடிதான். கேட்டால், "சோலார் சரக்குக் கப்பல் கட்றவன் என் தோஸ்து. தீனதயாளனப் போயி சந்தேகப்பட்டா நாக்கு அழுகிடும்" என்பான்.

அணுமின் நிலைய ஸ்டோர்ஸ் வேலையை விட்டுவிட்டு அந்தத் தோஸ்தின் கம்பெனியில் சேர வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றான். "கப்பலு ஓடுறத நீயும் பாரு. அப்பாலதான் ராஜினாமா எழுதிக் குடுப்பேன்" என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். அதை நம்பித்தான் வெள்ளோட்டத்துக்கு வந்தாள்.

கொக்கிலமேட்டுக் கழிமுகத்தில் நின்ற கப்பல், பார்த்தால் கொஞ்சம் பெரிய படகு, அவ்வளவுதான். கூரை முழுக்க சோலார் பலகைகள் பளபளத்தன. பளபளப்பதை அன்பரசி நம்புவதில்லை. பெண் பார்க்க வந்தபோது பூபாலன் போட்டிருந்த கூலிங் கிளாஸ் கற்றுக்கொடுத்த பாடம் அது.

பூசைத் தட்டை அவளே வாங்கினாள். கப்பலில் ஏறி நேரே போய், டீசல் நெடி வந்த இரும்பு மூடிமேல் கற்பூரத்தை வைத்துத் தீப்பெட்டியை எடுத்தாள்.

"ஐயோ தங்கச்சி, அங்க வேணாம்!" தீனதயாளன் பாய்ந்து வந்தான்.

"ஏண்ணே, வெயிலு பத்திக்குமா?"

கற்பூரத்தைத் தள்ளிவிட்டு மூடியைத் தூக்கினாள். கீழே டீசல் கேன்களுக்கு நடுவில் பெரிய இன்ஜின்.

"அது ஸ்பேருடி" என்றான் பூபாலன். ஸ்டோர்ஸ்காரனுக்கு எதைப் பார்த்தாலும் ஸ்பேர்தான்.

"ஸ்பேரா? இதான் மச்சான் இன்ஜினு!" என்றான் தீனதயாளன்.

"சோலார்ல ஓடும்னு சொன்னியேடா!"

"சோலார்லயும் ஓடும்னேன். கூரை முச்சூடும் பலகை போட்டாலும் லைட்டு எரியும், பம்பு ஓடும், காலிப் படகு மெதுவா நவுரும். சரக்கு ஏத்துனா டீசல்தான் இழுக்கணும். கொஞ்சம் டீசலு மிச்சமாவும், அத்தோட சரி. இத நான் எப்ப மறைச்சேன்?"

அன்பரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோஸ்து மோசக்காரன் இல்லை. தன் வீட்டு ஆள்தான் ஒரு 'யும்'மை முழுங்கியிருக்கிறான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நிம்மதியாக இருந்தது.

"வாங்க, வூட்டுக்குப் போலாம். ஒண்ணும் எழுதிக் குடுக்க வேணாம்."

பூபாலன் நகரவில்லை. கீழே கிடந்த கற்பூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாங்க... வேலைய வுட்டுட்டீங்களா?"

"நேத்தே குடுத்துட்டேன்."

அணுபுரத்தில் அவர்கள் குடியிருந்த வீடு வேலையோடு வந்தது. "அப்ப வூடு?" என்றாள்.

இந்த முறை அவன் 'யும்'மை முழுங்கவில்லை.

"வூட்டயும் காலி பண்ணணும்."