லாரியின் முதுகுக்குப் பின்னால்

தேவிகா குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வெட்டிய தோலை ஏற்றிக்கொண்டுபோய் மேல்விஷாரத்துத் தையல் யூனிட்டில் இறக்குவது அவள் வேலை. கணவனைப் பிரிந்து தனியாக இருந்தாள். லோடு ஏற்றும்போதும் இறக்கும்போதும் ரெண்டு வார்த்தை. மற்றபடி நாள் முழுக்க அவளிடம் பேச ஆள் கிடையாது.

பாரத்தை உயரமாக அடுக்கித் தார்ப்பாய் கட்டினால், நாற்கரச் சாலையில் எதிர்க்காற்று வண்டியை நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். எவ்வளவு மிதித்தாலும் டீசல்தான் போகும். ஒருநாள் தற்செயலாக ஒரு கண்டெய்னர் லாரியை ஒட்டிப் பின்னால் போனாள். சட்டென்று காற்று அடங்கியது. வண்டி பாரமே இல்லாததுபோல் லேசாகிவிட்டது.

அந்த லாரி தினமும் மத்தியானம் ஆம்பூரிலிருந்து சென்னைக்குக் கிளம்புகிறது என்று தெரிந்ததும், அதற்காகக் காத்திருக்கத் தொடங்கினாள். டீசல் மிச்சமானது உண்மைதான். அதற்காக மட்டும்தான் காத்திருந்தாள் என்று சொல்ல முடியாது. லாரி ஒரே சீராகப் போனால், தன்னை விட்டுவிடக் கூடாதென்றுதான் அப்படி ஓட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள். சில நாள் லாரியைப் பார்த்து வாய்விட்டே கேட்பாள்: "இன்னா, இன்னிக்கி அவசரமா?"

பள்ளிகொண்டா தாண்டி ஒருநாள் லாரிக்குக் குறுக்கே ஆடு ஓடியது. லாரி கிறீச்சிட்டு நின்றது. தேவிகா பிரேக்கை அழுத்தி ஸ்டியரிங்கை ஒடித்தாள். வண்டி லாரியின் பின்பக்கத்தை உரசிக்கொண்டு மண்ணில் இறங்கி நின்றது.

லாரி டிரைவர் கோதண்டராமன் இறங்கி ஓடிவந்தார். நரைத்த மீசைக்காரர்.

"அடிபட்டுச்சாம்மா?"

"இல்லண்ணா. கைதான் லேசா இடிச்சிக்கிச்சு."

"எங்கிருந்து வந்து மோதறே நீ?"

"ஆம்பூர்ல இருந்தே உங்க பின்னாலதான் வர்றேன். தெனமும் வர்றேன்."

"தெனமுமா? நான் பாத்ததே இல்லியே!"

"ஒட்டி வந்தா காத்து அடிக்காது. டீசல் கம்மியா குடிக்குது."

"அவ்ளோ ஒட்டி வந்தா கண்ணாடியில எப்டிம்மா தெரிவே? பின்னால ஆள் இருக்குதுன்னே எனக்குத் தெரியாது." அவர் உரசிய இடத்தைக் குனிந்து பார்த்தார். "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா? வேகத்தைக் கொறம்மா. அம்பதுல போனா காத்தும் கம்மி, டீசலும் கம்மி."

தண்ணீர் கொடுத்துவிட்டு, அவள் குடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டுக் கிளம்பினார். தேவிகா வண்டியை மண்ணிலிருந்து ரோட்டுக்கு ஏற்றினாள். இத்தனை நாளில் ஒருதரம்கூட அவர் தன்னைப் பார்த்ததில்லை என்பது, இடித்த கையைவிட அதிகமாக வலித்தது.

மறுநாள் லாரியை முன்னால் போகவிட்டு, ஐம்பதைத் தாண்டாமல் ஓட்டினாள். அவர் சொன்னது சரிதான். டீசல் ஒன்றும் ஜாஸ்தி ஆகவில்லை. லாரி மட்டும் சின்னதாகிக்கொண்டே போய், வேலூர் வருவதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது.

யூனிட் வாசலில் வாட்ச்மேன் வக்கார் அகமது கேட்டைத் திறந்தார்.

"இன்னாம்மா, லேட்டு?"

"மெதுவா வந்தேன் பாய்."

ஏன் என்று கேட்பாரா என்று கொஞ்சம் நின்று பார்த்தாள். அவர் செல்போனை எடுத்துக்கொண்டு நாற்காலிக்குப் போய்விட்டார். தேவிகா தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.